பித்தம் இறங்கும் வழி

இன்னைக்குப் போயிருவா, எனக்குத் தெரியும், வயித்துல காதை வச்சுக் கேட்டேன், கடகடன்னு ஓடுது, ஆறு நாளாக் கம்முனு கெடந்த வயிறு விடிஞ்சதுல இருந்து ஓயாமப் பேசுது, பேசு தாயி, நல்லாப் பேசு, அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மணி ஆறே முக்கால். எட்டரைக்கு எழிலரசி டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாங்க. வந்து நின்னதும் காய்ச்சல் இருக்கா, பால் குடிச்சாளான்னு எல்லாம் கேக்க மாட்டாங்க, முதல் கேள்வியே மோஷன் போனாளா, என்ன கலர், அதுதான். பிள்ளை எப்ப வெளிக்குப் போகும்னு எந்தத் தாயாவது பரீட்சை ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருப்பாளா? இந்த மதுரை ஆஸ்பத்திரி வார்டுல வந்து பாருங்க, பன்னெண்டு கட்டில், பன்னெண்டு பேரும் அப்படித்தான். என் பிள்ளை பேரு நிறைமதி, இன்னைக்கோட அறுபத்தேழு நாள். கல்லீரல்ல ஊறுற பித்தம் குடலுக்கு இறங்கறதுக்கு ஒரு குழாய் உண்டாம், இவளுக்கு அது அடைஞ்சு நாரா சுருங்கிப் போய்க் கெடந்துச்சாம். டாக்டர் அதை வெட்டி எடுத்துட்டுக் குடலையே மேல தூக்கிக் கல்லீரல் வாசல்ல வச்சுத் தைச்சிருக்காங்க. இனிமே பித்தம் இறங்கினா வெளிக்குப் பச்சையாவோ மஞ்சளாவோ போகும். இறங்கலேன்னா வெள்ளையாவே போகும், வெள்ளையாவே போய்க்கிட்டிருந்தா வேற ஒருத்தர் கல்லீரல்ல இருந்து துண்டு வாங்கி வைக்கணும், அதுக்கும் பிள்ளை அது வரைக்கும் தாங்கணும். முந்தாநாள் இத்துனூண்டு போனா, வெள்ளைதான், ஆனா அது பழசும்மா, உள்ள தங்கினது, கணக்குல சேராதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. அப்ப இன்னைக்குப் போறதுதான் கணக்கு. போயிருவா, பாருங்க, மூஞ்சி செவக்குது.

இல்ல, காத்துதான் பிரிஞ்சுது. அதுவும் நல்லதுதான், காத்து வந்தா பின்னாலயே எல்லாம் வரும். உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல, ஒரே துணியை நாலு தடவை மடிச்சுட்டேன். கலர்னா எனக்குச் சொல்லித் தரணுமா? சங்கரன்கோவில்ல எங்க முதலாளி அண்ணாச்சி பெயிண்ட் கடையில ஒன்பது வருஷமாக் கலர் மிஷின்ல நிக்கிறவ நான். செவத்துல இருந்து நகம் அளவுக்குக் காரையைப் பேத்து எடுத்துட்டு வந்து, இதே கலர் வேணும் ஆவுடையம்மான்னு நிப்பாங்க, நான் வாங்கி ஒரு பார்வை பாத்துட்டு நம்பரைச் சொல்லுவேன், கலர் கார்டைப் புரட்ட மாட்டேன். மாம்பழக் கலர் வேணும் ஆனா ரொம்ப மாம்பழமா வேண்டாம்பான் ஒருத்தன், அவனுக்கும் கலக்கிக் குடுத்திருக்கேன், கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சான். ஒண்ணே ஒண்ணு, டியூப்லைட்ல வச்சுக் கலரை முடிவு பண்ணவே மாட்டேன். தெருவுக்குக் கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்துல காட்டி, இது சரியான்னு அவங்க வாயால சொன்ன பிறகுதான் டப்பாவை மூடுவேன். அப்பேர்ப்பட்டவ. அம்பது வெள்ளையைத் தனித்தனியாப் பேர் சொல்லிப் பிரிக்கத் தெரிஞ்ச சிறுக்கி, பெத்த பிள்ளை நாப்பத்தஞ்சு நாளா வெள்ளையாப் போனதைப் பாக்கலேன்னா அதை எங்க போய்ச் சொல்ல?

மஞ்சள்தான் ஏமாத்திருச்சு. எனக்கு அம்மா இல்ல, பிரசவமும் புகுந்த வீட்டுலதான், எங்க அத்தை ஒத்த ஆளா எல்லாம் பாத்தாங்க, தங்கமானவங்க, குறை சொல்ல மாட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு முடி முளைக்கக் கூடாதுன்னு நித்தம் கஸ்தூரி மஞ்சள் உரசிப் பூசிக் குளிப்பாட்டினாங்க. மாமாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு, சதுரம் சதுரமா மஞ்சத் தண்ணியில முக்கிக் காய வச்சு, அதைத்தான் இடுப்புக்குக் கட்டினாங்க, புண்ணு வராதாம், புழு பூச்சி அண்டாதாம். பிள்ளை மஞ்சளா இருக்காளேன்னு பாக்க வந்தவ ஒருத்தி கேட்டா, பூசின மஞ்சள்னு நாங்க சொன்னோம். வெளிக்கு வெள்ளையாப் போகுதேன்னு எனக்கு ஒரு நாள் தோணுச்சு, துணியைப் பாத்தா மஞ்சத் துணி, அதுல பட்டதும் மஞ்சளாத்தான் தெரிஞ்சுது. பால் குடிக்கற பிள்ளைக்குப் பால் மாதிரித்தான் போகும்னாங்க அத்தை, நானும் சரின்னு அலசிப் போட்டுட்டேன். மஞ்சள் மேல மஞ்சளைப் பூசி, மஞ்சள் மேல வெள்ளையை விட்டு, ஒரு கலரை இன்னொரு கலர் எப்படி முழுங்கும்னு கடையில வர்றவனுக்கெல்லாம் பாடம் எடுப்பேனே, அதே நான். அலசும்போது கையில ஒட்டின மாவு மாதிரி வழவழப்பு இன்னும் ஞாபகம் இருக்கு, செவத்துக்குப் பூசுற பட்டிதான், அச்சு அசல் பட்டி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாசலுக்குக் கொண்டு போய் வெயில்ல பாத்திருந்தா போதும். தீட்டுக் கழியாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு உள்ளயே உக்காந்திருந்தேன், அதுவும் எனக்குச் சவுகரியமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது, ஒன்பது வருஷம் நின்ன காலை நீட்டி நல்லாத் தூங்கிக்கிட்டேன்.

போன் அடிக்குது, எங்க வீட்டுக்காரர்தான், ஆம்பளைங்களை இந்த நேரம் வார்டுக்குள்ள விட மாட்டாங்க, கீழ வேப்ப மரத்தடியில உக்காந்துக்கிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அடிக்காக. "போயிட்டாளா?" "இல்ல." "முக்குறாளா?" "முக்குறா." "நல்லா முக்குறாளா?" "ஏங்க, நீங்க வேணா வந்து கூடச் சேந்து முக்குங்க." வச்சிட்டாக. பாவம், லோடு ஆட்டோவை வித்துறவான்னு நேத்துக் கேட்டாக, வித்துட்டு என்ன செய்வீக, இங்க காசு வாங்கலையேன்னேன், சும்மா எதையாவது செய்யணும் போல இருக்குன்னாக. அடுத்த கட்டில்ல ருக்கையா அக்கா சிரிக்கிறது கேட்டுச்சு. மேலப்பாளையத்துக்காரங்க. அவங்க மகன் ஹாரிஸுக்கும் இதே ஆபரேஷன்தான், முடிஞ்சு முப்பத்தோரு நாள் ஆச்சு, நடுவுல காய்ச்சல் வந்து திரும்பச் சேத்திருக்காங்க. அவனுக்கு இன்னும் வெள்ளைதான். "என்ன ஆவுடை, வயிறு ஓடுதாக்கும்?"னு கேட்டாங்க. ஓடுதுக்கான்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எப்பவும் இதே கதைதான், அவங்க பேசுவாங்க, நான் பதில் சொல்லிட்டு முதுகைக் காட்டிக்குவேன். ஆறு நாள்ல ஒரு நாளாவது ஹாரிஸ் எப்படி இருக்கான்னு கேட்டேனா? கேக்கல. கேட்டா வெள்ளைதான்னு சொல்லுவாங்க, அந்தச் சொல்லு என் கட்டில் பக்கம் வந்துருமோன்னு பயம். அசிங்கமான பயந்தான். இருக்கு, என்ன செய்ய.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எழிலரசி டாக்டர் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் படம் போட்டுக் காட்டினாங்க. "பித்தம்னா வெறும் கசப்புத் தண்ணி இல்லம்மா, அதுக்குள்ள பித்த அமிலம்னு ஒண்ணு இருக்கு, எண்ணெய்ச் சட்டிக்குச் சோப்பு என்ன வேலை செய்யுதோ அதைத்தான் குடலுக்குள்ள அது செய்யும், கொழுப்பைக் கரைக்கும்." அப்ப நல்லதுதானே டாக்டர்னேன். "குடலுக்கு வந்து சேந்தா நல்லது. வழியில்லாமக் கல்லீரல்லயே தேங்கினா? ஒவ்வொரு செல்லுக்கும் மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு, அதுவும் கொழுப்புதான்." எனக்குச் சட்டுனு புரிஞ்சுது, தின்னர்னு சொன்னேன். அவங்க முழிச்சாங்க. பிரஷ் கழுவத் தின்னரைப் பிளாஸ்டிக் மக்குல ஊத்தி வச்சுட்டு ஒரு நாள் சாப்பிடப் போயிட்டேன் டாக்டர், வந்து பாத்தா மக்கு இளகி அடி கழண்டு கெடந்துச்சுன்னேன். சிரிச்சுட்டு, அதேதான்னாங்க. பிறகு பேனாவை வச்சுட்டு இன்னொண்ணு சொன்னாங்க பாருங்க, அதுதான் அன்னையில இருந்து என் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. "அமிலம் நேராக் கரைக்கிறது பாதிக் கதைதாம்மா. தேங்கின அமிலத்துல தவிக்கிற செல்லு, சாகறதுக்கு முன்னாடி ஆள் கூப்பிடும். ரத்தத்துல சுத்துற வெள்ளை அணுக்கள் அந்தச் சத்தம் கேட்டு ஓடி வரும், கிருமியை அடிக்கிற ஆளுங்க அவங்க. வந்து பாத்தா அங்க கிருமி இல்ல. வந்தவங்க சும்மா போவாங்களா, அடிப்பாங்க. அந்த அடியில நல்ல செல்லும் சாகும். வீக்கம் அதுதான். அது ஆறுற இடமெல்லாம் தழும்பாகும், தழும்பு சேந்து சேந்து கல்லீரல் கெட்டியாயிரும்." இவ்வளவையும் சொல்லிட்டு, பித்தம் இறங்க ஆரம்பிச்சா அடிதடி குறையும், ஒரே நாள்ல நிக்காது, ஆனா குறையும்னாங்க. இப்ப இவளுக்கு ஒரு சிரப் குடுக்கோம், அதுவும் ஒரு பித்த அமிலந்தானாம், சாதுவான அமிலம், முரட்டு அமிலத்துக்கு நடுவுல போய் நின்னு அதோட வேகத்தைக் குறைக்குமாம். பித்தத்துக்குப் பித்தத்தையே குடுக்காக, கெட்டிக்காரப் பொம்பளை.

ஆள் கூப்பிட்டது யாரு? அங்கதான் நான் மாட்டிக்கிறேன். நாப்பத்தஞ்சாம் நாள் தடுப்பூசி போடக் கொண்டு போனோம், அங்க நர்ஸம்மா பிள்ளை துணியை அவுத்துப் பாத்தாங்க, அன்னைக்குன்னு பாத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தேன்.  கண்ணு ரெப்பையை இழுத்துப் பாத்தாங்க, "எத்தனை நாளா இந்தக் கலர்?"னாங்க, "நாளைக்கே மதுரைக்குப் போயிரணும், அறுபது நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணினாத்தான் நல்லது"ன்னாங்க. நாளைக்கேன்னாங்க. நான் என்ன செஞ்சேன்? வீட்டுக்கு வந்து அத்தையைப் பாத்து, நீங்க பூசின மஞ்சள்தான் கண்ணை மறைச்சுட்டுன்னு சத்தம் போட்டேன். அவங்க அழுதாங்க. அழுதா விட்டேனா, போனைப் போட்டு எங்க அண்ணன் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன், என் பிள்ளையைக் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு சொன்னேன். அண்ணமாரு வந்தாக, சும்மா வருவாகளா, கூட நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாக. அத்தை பக்கத்துலயும் ஆள் வந்துச்சு. உங்க வம்சத்துலதான் மஞ்சக்காமாலை, இல்ல உங்க வம்சத்துலதான்னு பேச்சு வளந்து, சட்டையைப் பிடிச்சு, எங்க வீட்டுக்காரருக்கு உதடு கிழிஞ்சு, டிவி உடைஞ்சு, பிள்ளை நடுவுல கெடந்து கத்துது. மூணு நாள் அதுல போச்சு. பிறகு சமாதானம் பேச வந்தவர் கீழாநெல்லி குடுத்துப் பாப்போம்னார், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் அதுதான், அதுல அஞ்சு நாள். இங்க வந்து ஸ்கேன், ரத்தம், எல்லாம் முடிஞ்சு கத்தி வச்சது அறுபத்தொண்ணாம் நாள். ஒரு நாள் தள்ளி. அறுபதுங்கறது மூடுற கதவு இல்லம்மா, முந்தினா நல்லது, அவ்வளவுதான், இது யார் செஞ்சதும் இல்ல, யார் வம்சமும் இல்ல, ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதுன்னு டாக்டர் அத்தனை தடவை சொல்லிட்டாங்க. நோவு யாரால வந்ததுன்னு நான் கேக்கல டாக்டர், அந்த எட்டு நாளு யாரால போச்சுன்னு எனக்குத் தெரியுமேன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல. தவிச்சேன், கூப்பிட்டேன், வந்தவங்க அடிச்சாங்க. அந்த எட்டு நாளும் அவ வயித்துக்குள்ள அமிலம் தேங்கிக்கிட்டுத்தானே இருந்திருக்கும், ஒவ்வொரு செல்லா ஆள் கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்திருக்கும். அத்தைக்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசல. அவங்க இவருக்குத்தான் போன் போட்டு, பிள்ளை வெளிக்குப் போனாளான்னு கேக்காங்க, எனக்குப் போடப் பயப்படுறாங்க.

இரு இரு, இவ கையை முறுக்குறா. ரெண்டு காலையும் வயித்துக்கு மடக்குறா, வயித்துல பிளாஸ்திரி நெளியுது, மூஞ்சி வெத்தலை போட்ட வாய் மாதிரி செவந்துருச்சு, முக்கு தாயி, தையல் வலிக்கும்தான், இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ, நீ என்ன கேட்டாலும் வாங்கித் தாரேன், ஸ்கூட்டி வாங்கித் தாரேன், கடைக்கு அனுப்பவே மாட்டேன், ஒரு வேலை செய்ய விட மாட்டேன், முக்கு. மணி ஏழே காலு. எனக்குச் சிரிப்பா வருது, பைத்தியக்காரி மாதிரி சிரிக்கேன், எத்தனையோ சாமியைக் கும்பிட்டிருக்கேன், பீக்காக நேந்துக்கிட்டது இதுதான் முதல் தடவை. வந்துட்டுது. கேட்டுச்சு, நல்ல சத்தம், தாராளமாப் போயிருக்கா, போயிட்டு உடனே மூஞ்சியைத் தளர்த்தி அம்மாவை ஒரு பார்வை பாக்கா. இடுப்புத் துணி முடிச்சை அவுத்தேன். வெள்ளைத் துணி, இங்க வெள்ளைதான் கட்டணும்னு உத்தரவு. பிள்ளை இடுப்பைத் தூக்கி, துணியை உருவி, பாக்காமலே நாலா மடிச்சுட்டேன். கை அதுபாட்டுக்கு மடிச்சிருச்சு. ஒன்பது வருஷம் எவன் எவன் செவத்துக் கலரையோ ஒரு பார்வையில சொன்ன கண்ணு, இப்ப மூடிக்கிட்டுத் திறக்க மாட்டேங்குது. திறந்து பாத்து மஞ்சள்னு எனக்குத் தோணினா நான் அதை நம்புவேனா? ஏற்கெனவே நாப்பத்தஞ்சு நாள் மஞ்சள்னு நம்பினவதானே. என் கண்ணை எனக்கே நம்பிக்கை இல்ல.

"ஏன் ஆவுடை நிக்கே? பிள்ளை போயிருக்காள்ல?" ருக்கையா அக்கா எந்திரிச்சு வந்துட்டாங்க. நான் துணியை நீட்டி, நீங்க பாருங்கக்கான்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் உறைச்சுது, யாருக்கிட்ட போய் என்ன கேட்டுட்டேன், முப்பத்தோரு நாளா விடிஞ்சதும் ஒரு துணியைப் பிரிச்சுப் பாத்து மூடி வைக்கிற பொம்பளைக்கிட்ட. அவங்க துப்பட்டாவுல கையைத் துடைச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் வாங்கினாங்க, சன்னல் பக்கம் போனாங்க, எனக்கு முதுகு காட்டி நின்னு பிரிச்சாங்க. பாத்தாங்க. பாத்துக்கிட்டே நின்னாங்க. என்ன பாக்காங்க இவ்வளவு நேரம், வெள்ளைதான், வெள்ளையாத்தான் இருக்கும், எப்படிச் சொல்றதுன்னு யோசிக்காங்க, நான் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க திரும்பினாங்க, கண்ணு ரெண்டும் நிறைஞ்சு கெடக்கு. "பச்சை. நல்ல பச்சை, ஓரத்துல மஞ்சள் ஓடியிருக்கு, நீ பயப்படாதே"ன்னாங்க. துணியை என் கையில குடுப்பாங்கன்னு பாத்தா, குடுக்கல, தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வார்டு நெடுக நடந்து போறாங்க, ஒவ்வொரு கட்டில்லயும் நிறுத்திக் காட்டுறாங்க, "சிஸ்டர், நம்ம பிள்ளைக்கு இறங்கிருச்சு, வந்து பாருங்க, நம்ம பிள்ளைக்கு இறங்கிருச்சு"ன்னு அவங்க குரல் அந்தக் கோடி வரைக்கும் கேக்குது. நம்ம பிள்ளைங்காங்க. அழுகை வந்துச்சு பாருங்க, அடக்கவே முடியல. போன் அடிக்குது, அடிக்கட்டும், அவருக்கும் சொல்லுவேன், ஆனா முதல்ல அத்தைக்குத்தான் போடுவேன், அவங்க என்கிட்ட இருந்துதான் கேக்கணும். அதுக்குள்ள ஹாரிஸ் சிணுங்க ஆரம்பிச்சான். அவன் கட்டில்கிட்ட இத்தனை நாளும் போனதே இல்ல, போய்க் குனிஞ்சு பாத்தேன், என்னைப் பாத்துக் காலை உதைச்சான், மஞ்சக் கண்ணு, ஆனா என்ன நீளமான இமை. இடுப்புத் துணி கனமா இருந்துச்சு. "அக்கா, இவனும் போயிருக்கான், வாங்க, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்"னு கூப்பிட்டேன். முடிச்சுல கை வச்சுட்டு அவுக்காம, அவங்க வரட்டும்னு நின்னேன்.